101 ரெய்க்யாவிக்: படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதம் ஒருமுறை நண்பர்கள் கூடி ஒரு படம் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். போட்டதிலேயே அதிகம் கேள்வி கிளப்பியது '101 ரெய்க்யாவிக்' என்ற ஐஸ்லாந்துப் படம். படம் முடிந்து டீ குடிக்கும்போது கேட்டவை, மறுநாள் போனில் கேட்டவை, பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவும் உள்ளே வருகிறது. அது வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யார் எடுத்த படம்?

பல்தசார் கோர்மாக்கூர். 2000-இல் வந்த இது அவர் இயக்கிய முதல் படம். அதுவரை அவரை ஐஸ்லாந்துக்காரர்கள் நடிகராகத்தான் அறிந்திருந்தார்கள். ஹால்க்ரிமுர் ஹெல்காசன் 1996-இல் இதே பெயரில் எழுதிய நாவல்தான் மூலக்கதை. டொராண்டோ திரைப்பட விழாவில் டிஸ்கவரி விருது வாங்கிய பிறகு படம் பல நாடுகளுக்குப் போனது.

தலைப்பில் 101 எதற்கு?

அது அஞ்சல் குறியீட்டு எண். ரெய்க்யாவிக் நகரின் பழைய மையப் பகுதிக்கு 101. மதுக்கடைகள், புத்தகக் கடைகள், குளம், நாடாளுமன்றம், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு அடித்த வண்ண வண்ண வீடுகள் எல்லாம் இதற்குள். 'அவன் ஒரு 101 ஆள்' என்று அங்கே யாராவது சொன்னால் முகவரி சொல்வதாக அர்த்தமில்லை. கலை, இசை, காபி, குடி என்று திரிகிற, நகரத்தின் மற்ற பகுதிகளைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற ஆள் என்று அர்த்தம்.

கதை என்ன?

ஹ்லினுர் முப்பதை நெருங்கும் ஆள். வேலை கிடையாது. அம்மா பெர்க்லிண்டோடு ஒரே வீட்டில் இருக்கிறான். பகலில் தூக்கம், டிவி, கணினி. வார இறுதியில் காஃபிபாரின் என்ற பாரில் குடி. ஹோஃபி என்ற பெண்ணோடு பழக்கம் உண்டு, ஆனால் அதைக் காதல் என்று ஒத்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கு ஃபிளமெங்கோ நடனம் சொல்லிக்கொடுக்கும் ஸ்பெயின்காரி லோலா அவர்கள் வீட்டில் வந்து தங்குகிறாள். புத்தாண்டு இரவு அம்மா வீட்டில் இல்லை. ஹ்லினுரும் லோலாவும் சேர்ந்துவிடுகிறார்கள். அப்புறம்தான் அம்மா மகனிடம் விஷயத்தைச் சொல்கிறாள்: அவளும் லோலாவும் காதலர்கள். அதற்கும் பிறகு லோலா கர்ப்பம் என்று தெரிகிறது. பிறக்கப்போகிற குழந்தை ஹ்லினுருக்குப் பிள்ளையா, தம்பியா?

எழுதிப் பார்த்தால் மெகா சீரியல் மாதிரி இருக்கிறது. படத்தில் யாரும் உரக்க அழுவதில்லை, அதனால் அப்படித் தெரியாது.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

வேண்டாம்.

பாதிப் படம் வரை ஒன்றுமே நடக்கவில்லையே?

ஆமாம். எங்கள் கூட்டத்திலும் இரண்டு பேர் இடைவேளை மாதிரி எழுந்து போனார்கள். ஹ்லினுர் எழுகிறான், சாப்பிடுகிறான், படுக்கிறான், வெளியே போகிறான், திரும்புகிறான். அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையில் வண்டி ஓடுகிறது. ஆனால் அந்த முதல் பாதியில் வீட்டைக் கவனித்துப் பாருங்கள். எந்தக் கதவு எங்கே திறக்கும், யார் பேசினால் யாருக்குக் கேட்கும் என்பதெல்லாம் நமக்குப் பழகிவிடும். பின்பாதியில் அம்மாவும் லோலாவும் அடுத்த அறையில் இருக்கிறார்கள் என்பதே போதும், காட்சி கனத்துவிடுகிறது. இயக்குநர் தனியாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இது வேலை கிடைக்காத இளைஞனின் கதையா?

இந்தக் கேள்விதான் எங்களில் பெரும்பாலானோரைத் தடுமாற வைத்தது. நம் படங்களில் வேலையில்லாத கதாநாயகன் என்றால் சான்றிதழ் ஃபைலோடு அலைவான், அப்பாவிடம் திட்டு வாங்குவான், ஒருநாள் ஜெயித்துக் காட்டுவான். ஹ்லினுருக்கு அந்தத் தேவையே இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தில் வேலையில்லாதோர் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார்கள். தேடினால் மறுநாளே மீன் பதப்படுத்தும் ஆலையில் நிற்கலாம். அவன் தேடவில்லை, அவ்வளவுதான். சோறு, கூரை, வெந்நீர், மருத்துவம் எதற்கும் குறைவில்லாத ஒரு சமூகத்தில், வாழ்வதற்கு ஒரு காரணம் மட்டும் ஒருவனுக்குக் கிடைக்காவிட்டால் எப்படியிருக்கும் என்பதைத்தான் படம் பார்க்கிறது. 'கொழுப்பு' என்று எங்கள் நண்பர் ஒருவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. படமும் அவனை நல்லவன் என்று எங்கும் வாதாடவில்லை.

அம்மாவின் காதலியோடு மகனுக்கும் உறவு என்பது நம்பவே முடியாத தற்செயல் இல்லையா?

பெரிய ஊராக இருந்தால் தற்செயல். இந்த ஊரில் அப்படிச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். படம் வந்த வருடம் ஐஸ்லாந்து முழுவதும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 2,80,000. தலைநகரில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் அளவுக்குத்தான். அதிலும் 101 பகுதியில் இரவில் வெளியே வருபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சனிக்கிழமை பாரில் பார்த்த முகத்தை திங்கள்கிழமை வங்கியில் பார்க்க வேண்டும், புதன்கிழமை நீச்சல் குளத்தில் பார்க்க வேண்டும். ஹ்லினுர் பாருக்குள் நுழையும் காட்சிகளைப் பாருங்கள். அங்கே அவனுக்கு அந்நியர்கள் என்று யாருமே இல்லை. எல்லாரும் பழைய நண்பர்கள், பழைய உறவுகள், இல்லையென்றால் அவர்களின் அக்கா தங்கைகள்.

அந்த நாட்டின் பழக்கவழக்கங்களே இந்தச் சின்ன அளவிலிருந்து வந்தவைதான். குடும்பப் பெயர் பெரும்பாலானோருக்குக் கிடையாது. அப்பா பெயரோடு மகனுக்கு 'சன்', மகளுக்கு 'டோட்டிர்' சேர்த்துக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட நம் இனிஷியல் மாதிரி, முன்னால் வராமல் பின்னால் வருகிறது. டெலிபோன் டைரக்டரியில் ஆளின் சொந்தப் பெயரை வைத்துத்தான் வரிசை. நாட்டின் அதிபரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். 2003-இல் அந்நாட்டு மக்களின் வம்சாவளியைத் திரட்டி ஒரு தரவுத்தளத்தை இணையத்தில் வைத்தார்கள். அதன் பெயர் இஸ்லெண்டிங்கபோக். 2013-இல் அதை வைத்து ஒரு மொபைல் செயலி வந்தது. இரண்டு பேர் தங்கள் போன்களை ஒன்றோடொன்று முட்டினால், இருவரும் எவ்வளவு நெருங்கிய உறவு என்று சொல்லிவிடும். உலகம் முழுக்க அதைச் செய்தியாகப் போட்டுச் சிரித்தார்கள். இந்தப் படத்தை முன்பே பார்த்திருந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்திருப்பார்கள்.

ஆகவே கதையின் முடிச்சு எழுத்தாளர் வலிந்து போட்டது போல எனக்குத் தோன்றவில்லை. ஓடி ஒளிய இடமில்லாத ஊரில் ஒளிந்தே வாழ நினைக்கிற ஒருவன், அவனுக்கு நடக்கக்கூடியது இதுதான்.

படம் முழுக்க ஏன் இருட்டாக இருக்கிறது? பிரிண்ட் சரியில்லையா?

பிரிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. ரெய்க்யாவிக் 64 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் பதினொன்றரை மணி வாக்கில் எட்டிப்பார்த்து மூன்றரைக்கு இறங்கிவிடும். கதையின் முக்கியமான பகுதி அந்தப் பருவத்தில் நடக்கிறது. ஹ்லினுர் மதியம் எழுந்தால் பாதிப் பகல் போய்விட்டது என்பது உண்மையான கணக்கு. கோடையில் நேரெதிர், ஜூனில் முழு இருட்டே கிடையாது.

புத்தாண்டு வாணவேடிக்கையையும் கேட்டார்கள். அங்கே அது அரசு ஏற்பாடு இல்லை. ஊரே தன் கைக்காசில் வாங்கிக் கொளுத்துகிறது. அந்த வெடிகளைப் பெருமளவில் விற்பவர்கள் தன்னார்வ மீட்புக் குழுவினர். மலையிலும் கடலிலும் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றும் செலவுக்கு அந்த விற்பனைதான் பெரிய வருமானம். புகை மூட்டத்தில் தெரு தெரியாத ஒரு தீபாவளி ராத்திரியை உறைபனியில் வைத்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியா குடிப்பார்கள்?

வார நாளில் இல்லை. வெள்ளி, சனி இரவில் ஆம். வெளியில் விலை அதிகம் என்பதால் முதலில் வீட்டில் குடித்துவிட்டு, நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புவார்கள். பாட்டில் வாங்கவேண்டும் என்றால் அரசுக் கடையில்தான் வாங்கவேண்டும், நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்.

இதற்குப் பின்னால் ஒரு சுவாரசியமான வரலாறு உண்டு. 1915 முதல் ஐஸ்லாந்தில் முழு மதுவிலக்கு. ஸ்பெயின்காரர்கள், எங்கள் ஒயினை வாங்காவிட்டால் உங்கள் உப்புக் கருவாட்டை நாங்கள் வாங்கமாட்டோம் என்று மிரட்டியதால் 1922-இல் ஒயினுக்கு மட்டும் கதவு திறந்தது. 1935-இல் மற்ற மதுவகைகளும் வந்தன. ஆனால் வழக்கமான பீர் மட்டும் 1989 மார்ச் 1 வரை தடையிலேயே இருந்தது. பிராந்தி குடிக்கலாம், பீர் கூடாது! அப்படியானால் ஹ்லினுரின் தலைமுறைக்குக் குடிக்கும் வயது வந்தபோதுதான் பீரும் வந்திருக்கிறது. காஃபிபாரின் மாதிரியான இடங்கள் எல்லாம் அந்தத் தேதிக்குப் பின் முளைத்தவை. அப்புறம், கட்டுப்பாடான வீட்டின் கதவைத் திறப்பது ஸ்பெயினிலிருந்து வந்தவள் என்பதும் எனக்குப் பிடித்த பொருத்தம். இயக்குநர் கருவாட்டு ஒப்பந்தத்தை மனதில் வைத்து எடுத்தார் என்று சொல்லவரவில்லை.

குறைந்த செலவுப் படம் என்கிறீர்கள். பார்த்தால் தெரியவில்லையே?

தெரியாமல் எடுத்ததுதான் கெட்டிக்காரத்தனம். காட்சி நடக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வீடு, ஒரு பார், சில தெருக்கள், ஒன்றிரண்டு உறவினர் வீடுகள், ஒரு பனிமலை. இதற்கு மேல் பெரிதாக எதுவுமில்லை. அந்தப் பார் நிஜமான பார், அதன் உரிமையாளர்களில் ஒருவராக இருந்தவர் இயக்குநரேதான். ஹ்லினுரின் நண்பன் த்ரோஸ்துராக நடிப்பதும் அவரே. கதாநாயகன் ஹில்மிர் ஸ்னாய்ர் குட்னாசனும் அவரைப் போலவே மேடையிலிருந்து வந்தவர். இன்னொரு நண்பனாக வரும் பருமனான இளைஞன் ஓலாஃபுர் டாரி ஓலாஃப்சன். பின்னாளில் 'டிராப்ட்' தொடரில் போலீஸ் அதிகாரியாக வந்து உலகம் முழுக்கத் தெரிந்த முகமானவர். கையில் எது இருக்கிறதோ, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ, அவர்களை வைத்தே எடுத்த படம்.

செட் போட்டு, துணை நடிகர்களைக் கூட்டிவந்து நிரப்பிய பாரில் இந்தக் களை வராது. மேசைக்கு மேசை இடித்துக்கொண்டு நிற்பதும், கோட்டை எங்கே மாட்டுவது என்று தேடுவதும், புகையும் எல்லாம் தினமும் பார்த்துப் பழகியவர் எடுத்தவை.

பணம் எங்கிருந்து என்றால், ஐஸ்லாந்தோடு டென்மார்க், நார்வே, பிரான்ஸ், ஜெர்மனி என்று ஐந்து நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு. ஐந்து நாடு சேர்ந்தால் பெரிய பட்ஜெட் என்று நினைக்கவேண்டாம். குடிமக்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு டிக்கெட் வாங்கினாலும் அன்று மூன்று லட்சத்தைத் தொடாத நாட்டில் வேறு வழியில்லை. அங்கே அரசின் திரைப்பட நிதியே 1970-களின் கடைசியில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் தொடர்ந்து படம் எடுக்கும் வழக்கம் வேர்விட்டது. 1991-இல் வந்த 'இயற்கையின் குழந்தைகள்' என்ற படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனதும் ஊரே தலை நிமிர்ந்தது. ஆனால் அப்போதெல்லாம் ஐஸ்லாந்துப் படம் என்றால் குதிரை, கிராமம், எரிமலை, முதியவர்கள், பழங்கதை. இது மாதிரி நகரத்து மத்தியதரப் பையன் சோம்பிக் கிடப்பதைக் காட்டியது புதிது.

அதனால்தான் அருவி, வெந்நீர் ஊற்று எதையும் காட்டவில்லையா?

ஆமாம், ஒரு சுற்றுலா இடம்கூட இல்லை. 2000-இல் ஐஸ்லாந்துக்கு வருடத்துக்கு மூன்று லட்சம் பயணிகள்தான் வந்தார்கள். 2018-இல் அது இருபது லட்சத்தைத் தாண்டியது. லாய்காவெகுர் கடைத்தெருவில் இன்று நினைவுப் பொருள் கடைகள் வரிசையாக நிற்கின்றன. படத்தில் அதே பகுதி உள்ளூர்க்காரர்களின் ஊராக இருக்கிறது. யாருக்கும் அப்போது தெரியாமலே, மாறப்போகிற ஒரு ஊரை இந்தப் படம் பிடித்து வைத்துவிட்டது.

லோலா ஏன் ஸ்பெயின்காரி? அவர்கள் ஏன் ஆங்கிலம் பேசுகிறார்கள்?

நாவலில் அவள் ஐஸ்லாந்துப் பெண்தான். படத்துக்காக மாற்றினார்கள். விக்டோரியா ஆப்ரில் நடித்தார், ஸ்பெயின் இயக்குநர் அல்மோதோவாரின் படங்கள் வழியாக ஐரோப்பா முழுவதும் தெரிந்தவர். விற்பனைக்கு அந்தப் பெயர் உதவியிருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இயக்குநரின் அப்பாவே ஸ்பெயினிலிருந்து வந்து ஐஸ்லாந்தில் குடியேறிய கத்தலான் ஓவியர். குளிர் நாட்டு வீட்டுக்குள் ஒரு தெற்கத்தி ஆள் நுழைந்தால் என்னவாகும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர் அவர். லோலாவுக்கு ஐஸ்லாந்து மொழி சரியாக வராது, அவர்களுக்கு ஸ்பானியம் வராது, அதனால் நடுவில் ஆங்கிலம். தாய்மொழியில் மகனிடம் சொல்ல முடியாததையெல்லாம் அந்த வீட்டில் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு இந்த மாற்றம் நாவலைவிட நன்றாகவே பட்டது.

இசை யார்?

பிளர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் டேமன் ஆல்பார்னும், ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் பாடிய ஷுகர்க்யூப்ஸ் குழுவில் இருந்த ஐனார் ஓர்ன் பெனடிக்ட்சனும். ஆல்பார்ன் 90-களின் நடுவிலிருந்தே ரெய்க்யாவிக்குக்கு வந்துபோனவர். காஃபிபாரினில் அவருக்கும் பங்கு இருந்தது. 'கிங்க்ஸ்' குழுவின் 'லோலா' பாட்டின் மெட்டு வெவ்வேறு வடிவத்தில் படம் நெடுகத் திரும்பி வரும். பெயர்ப் பொருத்தம் புரிந்திருக்கும்.

சின்ன ஊர் என்று மேலே சொன்னதற்கு இன்னொரு சாட்சி: ஐனார் ஓர்ன் 2010-இல் ஒரு நகைச்சுவை நடிகர் வேடிக்கையாகத் தொடங்கிய கட்சியில் நின்று மாநகராட்சி உறுப்பினராகிவிட்டார். அந்த நகைச்சுவை நடிகர் மேயரானார்.

அம்மா தன் காதலைச் சொன்னதும் ஹ்லினுர் அதிர்ச்சியடையவே இல்லையே. அங்கே அவ்வளவு சகஜமா?

அதிர்ச்சி இருக்கிறது, அதைக் கோபமாகக் காட்ட அவனுக்கு வழியில்லை. அம்மா பெண்ணை விரும்புகிறாள் என்பது அவனுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அந்தப் பெண் இவள் என்பதுதான் சிக்கல். ஐஸ்லாந்து 1996-லேயே ஒருபாலின இணையர்கள் பதிவு செய்துகொள்ள சட்டம் கொண்டுவந்துவிட்டது. அப்படிப் பதிவு செய்தவர் தன் இணையரின் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்ற திருத்தம் வந்தது 2000-இல், படம் வெளியான அதே வருடம். திரையில் பெர்க்லிண்டும் லோலாவும் குழந்தைக்குத் தயாராகும்போது, அதே விஷயம் அவர்கள் நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. முழுமையான திருமண உரிமை 2010-இல் வந்தது.

திருமணமாகாமல் பிள்ளை பெறுவதும் அங்கே யாரும் புருவம் உயர்த்தும் விஷயமில்லை. அப்போதே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோர் தாலி கட்டாதவர்கள்தான், அதாவது அவர்கள் ஊர் அர்த்தத்தில்.

படத்தில் உங்களுக்குப் பிடிக்காதது?

ஹோஃபியை நடத்திய விதம். ஹ்லினுர் அவளை அலட்சியப்படுத்துவது பாத்திரத்தின் குணம், சரி. படமும் சேர்ந்து அலட்சியப்படுத்துகிறது. அவளுக்கென்று ஒரு முழுக் காட்சியாவது கொடுத்திருக்கலாம். அம்மாவாக வரும் ஹன்னா மரியா கார்ல்ஸ்டோட்டிர் அருமையான நடிகை, அவருக்கும் நேரம் போதவில்லை. பையன்களின் பார்வையிலேயே எல்லாம் ஓடுகிறது.

பனிமலை மேல் போய்ப் படுப்பது எதற்கு? முடிவு புரியவில்லை.

சாகத்தான் போகிறான். உறைந்து போகட்டும் என்று பனியில் மல்லாந்து கிடக்கிறான். சாவு வருவதாகக் காணோம். அதற்கும் பொறுமை வேண்டும், அவனிடம் அதுவும் இல்லை. எழுந்து வந்துவிடுகிறான். வசனம், ஞானோதயம் எதுவும் கிடையாது. எங்கள் கூட்டத்தில் இங்கேதான் எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டுக் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள்.

கடைசியில் அந்த வீட்டில் நான்கு பேர்: அம்மா, லோலா, ஹ்லினுர், குழந்தை. குழந்தை பிள்ளையா தம்பியா என்ற கேள்வியை யாரும் தீர்க்கவில்லை, தீர்க்க அவசரமும் இல்லை. ஹ்லினுர் ஒரு வேலைக்குப் போகிறான். நகர மையத்தில் பார்க்கிங் மீட்டர்களைச் சுற்றிவந்து, நேரம் கடந்த வண்டிகளுக்கு அபராதச் சீட்டு வைக்கும் வேலை. எழுத்தாளராகவோ பாடகராகவோ ஆக்கிவிடாமல் இந்த வேலையைக் கொடுத்தார்களே, அதற்காகவே படத்தை மதிக்கிறேன். 101-ஐ விட்டு அவன் வெளியேறவும் இல்லை.

இயக்குநர் அப்புறம் என்ன செய்தார்?

'ஜார் சிட்டி' (2006), 'தி டீப்' (2012) என்று ஊர்ப் படங்களும், 'எவரெஸ்ட்' (2015) போன்ற ஹாலிவுட் படங்களும் மாறி மாறி. மேலே சொன்ன 'டிராப்ட்' தொடரும் அவர் உருவாக்கியதுதான். பட்ஜெட் ஏறிக்கொண்டே போனது. எனக்கு இன்னும் முதல் படம்தான்.

அந்தப் பார் இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது, லாய்காவெகுரிலிருந்து சில அடி தூரத்தில், பெர்க்ஸ்டாடாஸ்ட்ரைட்டி என்ற தெருவின் முதல் எண்ணில். வாசலுக்கு மேலே லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் இருக்குமே, சிவப்பு வட்டமும் குறுக்குப் பட்டையும், அந்தப் பலகை மாட்டியிருக்கும். பகலில் போனால் காபி குடிக்கலாம், கூட்டம் இருக்காது. காரை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் போகிறவர்கள் பார்க்கிங் காசை மறக்காமல் கட்டிவிடுங்கள். அந்தப் பகுதியில் ஹ்லினுர்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.